மெஷின் செய்கிறது... பார்ப்பது யார்?

'கம்ப்யூட்டரில் ஒருமுறை செட் பண்ணி விட்டால் போதும், நாம் தூங்கும்போதும் அது வேலை செய்து காசு கொண்டு வரும்' என்று போன வாரம் இதே பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது. நாலு வருடமாக அதே வேலையைத்தான் நானும் பார்க்கிறேன்.

'விர்ச்சுவல் அசிஸ்டென்ட்' என்றதும் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்து விடாதீர்கள். வேறு ஊரில் தொழில் செய்பவருக்கு நம் வீட்டிலிருந்தபடியே குமாஸ்தா வேலை பார்ப்பது, அவ்வளவுதான். கோவையில் பரதநாட்டியம் சொல்லிக் கொடுக்கும் ஒரு டீச்சருக்கு வகுப்பு நேரம், பீஸ் கணக்கு, பெற்றோருக்குக் கடிதம் எல்லாம் நான்தான் பார்க்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் அவரிடம் ஆன்லைனில் கற்கின்றனர்.

ஆரம்பத்தில் எல்லாம் கையால்தான். ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாக மெயில் அடித்து, நோட்டில் டிக் போட்டு, நாளுக்கு 3 மணி நேரம் போகும். பிறகு என் தம்பி மகள்தான் சொல்லிக் கொடுத்தாள். புதிதாகச் சேருபவர் கூகுள் பார்மில் விவரம் நிரப்பினால், அது தானாகவே ஷீட்டில் ஒரு வரியாக ஏறி விடும். ஷீட்டில் வரி ஏறியதும் 'ஜாப்பியர்' என்ற சாப்ட்வேர் வரவேற்பு மெயிலை அனுப்பி விடும். மாதம் 100 வேலை வரை அதற்குக் காசு கிடையாது. 20ம் தேதிக்குள் நூறும் தீர்ந்து, மெயில் போகாமல் நான் முழித்த கதையும் உண்டு.

இன்னொன்றும் பட்டுத்தான் தெரிந்தது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே தள்ளுகிறார்கள். இங்கே காலை 5.30 வகுப்பு, நவம்பரில் 6.30 ஆகி விடும். நம்ம ஊர் நேரத்தைப் போட்டு வைத்ததால், பாவம் டீச்சர், ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார்! காலண்டரில் நியூயார்க் நேரத்தையே குறித்து விட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சரி, 3 மணி நேர வேலை 1 மணி நேரமாகி விட்டது. சந்தோஷம்தானே என்கிறீர்களா? கணக்கைக் கேளுங்கள். மணிக்கு 150 ரூபாய் வீதம் மாதம் 26 நாளுக்கு 11,700 வாங்கிக் கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் என்றால் 3,900! மூளையைச் செலவழித்துக் கற்றுக் கொண்டதற்கு எனக்கே அபராதம். டீச்சரிடம் மனம் விட்டுப் பேசினேன். "மணிக்கணக்கு வேண்டாம் டீச்சர், மாசத்துக்கு இவ்வளவுன்னு வெச்சுக்கலாம்" என்றேன். 9,000க்கு ஒப்புக்கொண்டார்.

வெளியே இப்படி முடிந்தது. வீட்டில்? "அதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பாத்துக்குதேம்மா, ரேஷன் கடைக்கு ஒரு நடை போயிட்டு வாயேன்" என்பார் என் அத்தை. "சும்மாத்தானே உக்காந்திருக்கே" என்பார் இவர். எங்கள் வீட்டுக்கு கிரைண்டர் வந்தபோதும் இதே கதைதான். ஆட்டுக்கல் போனதும் கை வலி போனது உண்மை. ஆனால், மிச்சமான நேரத்தில் யாராவது நம்மைப் படுக்க விட்டார்களா? 'மெஷின்தானே அரைக்குது' என்று தினம் இட்லி, தோசை என்று ஆனதுதான் மிச்சம்!

நானும் 'மெஷின் பார்த்துக் கொள்ளும்' என்று நம்பியவள்தான். பீஸ் கட்டாதவர்களுக்கு 5ம் தேதி காலை 8 மணிக்குத் தானாகவே ஞாபகக் கடிதம் போகும்படி வைத்திருந்தேன். ஒரு மாதம், நியூஜெர்சியில் ஒரு பிள்ளையின் அப்பா திடீரென்று இறந்து விட்டார். டீச்சர் 3ம் தேதியே போனில் சொல்லி அழுதார். நானும் சேர்ந்து அழுதேன். ஆனால், பட்டியலில் அந்தப் பெயரை எடுக்க மறந்து போனேன். 5ம் தேதி, அந்த அம்மாளுக்கு மெயில் போய் விட்டது. 'தங்கள் கட்டணம் நிலுவையில் உள்ளது. இந்த நாள் இனிய நாளாக அமையட்டும்' என்று!

டீச்சர் என்னைத் திட்டவில்லை. "ஏம்மா, நீ பாக்கலையா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். அந்த அம்மாளுக்கு நானே கைப்பட மன்னிப்புக் கேட்டு எழுதி, படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இப்போது 4ம் தேதி சாயங்காலம் பட்டியல் முதலில் எனக்குத்தான் வரும். 'அனுப்பலாம்' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு பெயராகப் படித்து, யார் வீட்டில் என்ன என்று யோசித்து, டிக் போட்டவர்களுக்கு மட்டும் கடிதம் போகும். பார்க்கிறவர் கண்ணுக்கு நான் சும்மா திரையைப் பார்த்துக் கொண்டிருப்பது போலத்தான் தெரியும். அந்த அரை மணி நேரத்துக்குத்தான் எனக்குச் சம்பளம் என்பேன்.

இதை இவரிடமும் அத்தையிடமும் உட்கார வைத்துச் சொன்னேன். காலை 10 முதல் 11.30 வரை என்னைக் கூப்பிடக் கூடாது என்று பேச்சு. இவர் புரிந்து கொண்டார். அத்தை இன்னும் நடுவில் ஒரு தடவையாவது எட்டிப் பார்க்கிறார். ரேஷன் கடையை மட்டும் சாயங்காலத்துக்கு மாற்றி விட்டார்.

தூங்கும்போது காசு வருகிறது என்று எழுதிய சகோதரி, விழித்திருந்து எத்தனை மணி நேரம் சரி பார்க்கிறார் என்பதையும் அடுத்த கடிதத்தில் எழுதட்டும்.

- ஒரு வாசகி, திருச்சி.