மாதம் ஆயிரம் ரூபாயும் கண்ணுக்குத் தெரியாத கூலியும்

தேனி ஜில்லாவில் மலையடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் தேவாரத்தில், மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பது இலேசான காரியம் அல்ல. விடியுமுன் ஜீப் ஏறி, மலைக்கு அப்பாலுள்ள ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்கள் அங்கே உண்டு. தென்னையையும் மழையையும் நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு. மாதச் சம்பளக்காரர்களும் உண்டு. இருபதாந் தேதிக்கு மேல் அவர்கள் பாடும் திண்டாட்டந்தான்.

அவ்வளவு சிரமப்பட்டு மிச்சம் பிடித்த ஆயிரத்தை எங்கே போடலாம் என்று கேட்டால், யோசனை சொல்ல இன்று ஆட்களுக்குப் பஞ்சமில்லை. லாபம் எவ்வளவு வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வரி எவ்வளவு மிஞ்சும் என்றும் சொல்கிறார்கள். நம் பணத்தைக் காத்துக் கொடுப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் கூலி எவ்வளவு என்பதை மட்டும் மெல்லிய குரலில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். இவ்வாரம் அந்தக் கூலியைப் பற்றியே எழுத உத்தேசித்திருக்கிறோம்.

முதலில், கூலியே இல்லாத இடத்தைப் பார்த்துவிடுவோம். 1968-இல் சர்க்கார் ஏற்படுத்திய பொது சேமநல நிதி தபால் நிலையத்திலும் பாங்கிலும் நடக்கிறது. ஆண்டுக்கு 500 ரூபாயிலிருந்து ஒன்றரை லட்சம் வரை கட்டலாம். கணக்கை வைத்திருப்பதற்கு ஆண்டுக் கட்டணம் கிடையாது. வட்டிக்கு வருமான வரியும் கிடையாது. 2020 ஏப்ரலில் 7.1 சதவிகிதமாக நிர்ணயித்த வட்டி 2025-ஆம் ஆண்டு முழுவதும் அப்படியே இருந்தது. பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கஷ்டம். நடுவில் கொஞ்சம் எடுத்துக்கொள்ள வழியுண்டு. அதற்கும் முதல் ஐந்தாண்டு கழிய வேண்டும்.

ஆனால் இங்கேயும், ஒருவரும் வசூலிக்காத கட்டணம் ஒன்றை நாமே வலியப் போய்க் கட்டிவிடுகிறோம். இந்த நிதியில், மாதத்தின் ஐந்தாந் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. ஐந்தாந் தேதிக்குள் கட்டினால் அந்த மாதத்துக்கு வட்டி உண்டு. ஆறாந் தேதி கட்டினால் இல்லை. மாதம் ஆயிரம் கட்டுகிறவர் எப்போதும் ஐந்துக்குள் கட்டிவந்தால், 7.1 சதவிகிதக் கணக்கில், பதினைந்து ஆண்டு முடிவில் ஏறக்குறைய 3,15,500 ரூபாய் சேரும். எப்போதும் ஆறாந் தேதி கட்டுகிறவருக்கு அதில் சுமார் 1,800 ரூபாய் குறையும். ஒரு நாள் சோம்பலுக்கு இது கொஞ்சம் அதிக விலை என்றே தோன்றுகிறது.

இனி, பங்கு மார்க்கெட்டைச் சார்ந்த சேமிப்புக்கு வருவோம். இதில் கூலி இரண்டு வேஷத்தில் வருகிறது. ஒன்று, தொகை சிறிதோ பெரிதோ, ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று வருவது. பங்குகளை வைத்திருக்கும் டீமாட் கணக்குக்கு ஆண்டுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 354 ஆகிறது. மாதம் பத்தாயிரம் போடுகிறவருக்கு இது முதலாண்டில் நூறு ரூபாய்க்கு முப்பது காசுகூட இல்லை. மாதம் 500 போடுகிறவருக்கோ, போட்ட 6,000 ரூபாயில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 6 ரூபாய் போய்விடுகிறது! ஒரே கட்டணம், செல்வருக்கு அது கொசுக்கடி, ஏழைக்கு நாய்க்கடி. பிரிட்டனில் 1999 முதல் நடந்துவரும் வரியில்லாச் சேமிப்புக் கணக்குகளிலும் இதே கதைதான். சிறு தொகைக்காரருக்குச் சதவிகிதக் கட்டணமும், பெருந்தொகைக்காரருக்கு நிலையான கட்டணமும் அனுகூலம் என்று அங்கே கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்.

நம் நாட்டில் இதற்கு ஒரு பரிகாரம் இருக்கிறது. 2024 செப்டம்பர் முதல், அடிப்படைச் சேவை டீமாட் கணக்கில் பங்குகளின் மதிப்பு 4 லட்சம் வரை இருந்தால் ஆண்டுக் கட்டணம் இல்லை. அதற்கு மேல் 10 லட்சம் வரை 100 ரூபாய். ஆனால் ஒருவர் பெயரில் ஒரே டீமாட் கணக்குத்தான் இருக்க வேண்டும். 'இலவசம்' என்ற விளம்பரத்தைக் கண்டு இரண்டாவது கணக்கும் திறந்தவர்களுக்கு இச்சலுகை இல்லை. பரஸ்பர நிதியில் மட்டும் பணம் போடுகிறவருக்கோ டீமாட் கணக்கே அவசியமில்லை.

இரண்டாவது வேஷம் சதவிகிதம். இதுதான் பொல்லாதது, ஏனென்றால் கண்ணில் படுவதே இல்லை. 2009 ஆகஸ்டுக்கு முன் பரஸ்பர நிதியில் ஆயிரம் ரூபாய் போட்டால், நுழைவுக் கட்டணமாக 22 ரூபாய் 50 காசு வரை வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள். செபி அதை ஒழித்தது. 2013 ஜனவரி முதல், தரகர் இல்லாமல் நேராகச் சேரும் 'டைரக்ட்' திட்டத்தையும் ஏற்படுத்தியது. தரகர் மூலம் சேரும் 'ரெகுலர்' திட்டத்தில் அவருடைய கமிஷன் ஆண்டுதோறும் மொத்தத் தொகையிலிருந்து போகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவிகிதம் என்று கொள்வோம். மாதம் ஆயிரம், பதினைந்து ஆண்டு, 10 சதவிகித லாபம் என்றால் சுமார் 4,14,000 ரூபாய். 9 சதவிகிதம் என்றால் 3,78,000. போட்ட முதலே 1,80,000 ரூபாய்தான். அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமமான 36,000 ரூபாய் அந்த 'ஒரு சதவிகித'த்தில் கரைந்துவிட்டது. (பத்து சதவிகிதம் என்றது கணக்குக்காகவே, மார்க்கெட் யாருக்கும் வாக்குறுதி கொடுப்பதில்லை.) வாசலில் நின்று கேட்ட பழைய கட்டணம் இதே கணக்கில் பத்தாயிரம் ரூபாயைக்கூட எட்டாது.

இதனால் தரகர் எல்லோரும் வேண்டாதவர் என்று நாம் சொல்லவில்லை. மார்க்கெட் விழும்போது பதறிப்போய்ப் பணத்தை எடுத்துவிடாமல் கையைப் பிடித்து நிறுத்துகிறவர், குடும்பத்தலைவர் காலமான பின் அவர் மனைவிக்குப் பணம் கிடைக்கும்படி காகிதங்களைச் சரிசெய்து கொடுக்கிறவர், தம் கூலிக்குப் பாத்திரமானவரே. படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு பதினைந்து ஆண்டு முகத்தையே காட்டாதவருக்கு 36,000 எதற்கு என்பதுதான் நம் கேள்வி.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணத்தை மூன்றாண்டு பூட்டிவைக்கும் வரிச் சேமிப்பு நிதிகளைச் சிபாரிசு செய்கிறவர்கள் உண்டு. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை சாதாரண வருமானத்துக்கு வரி இல்லை. அம்முறையில் இந்த முதலீட்டுக்குக் கழிவும் இல்லை. வரியே கட்டாத குடும்பம் வரிச் சலுகைக்காக ஒரு திட்டத்தில் சேருவது, மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்குவது போலத்தான். பங்கு நிதி லாபத்திலும் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரி கிடையாது என்பது 2024 ஜூலை முதல் உள்ள ஏற்பாடு.

ஏற்கெனவே பணம் போட்டுவருகிற வாசகர்கள் கணக்கு அறிக்கையை எடுத்துத் திட்டத்தின் பெயரோடு 'டைரக்ட்' என்று இருக்கிறதா, 'ரெகுலர்' என்று இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் தொகுப்பு அறிக்கையில், தரகருக்குப் போன கமிஷன் ரூபாய்க் கணக்கிலேயே அச்சாகியிருக்கும். அதைப் பார்த்துத் திகைத்தாலும், பழைய தொகையை உடனே மாற்ற அவசரப்பட வேண்டாம். மாற்றுவது விற்பனையாகக் கருதப்பட்டு, வரியோ வெளியேறும் கட்டணமோ வரக்கூடும். அடுத்த மாதத் தவணையை நேர்த் திட்டத்தில் போடுவதற்கு அப்படிப்பட்ட தடை ஒன்றும் இல்லை.