ஏமாந்த ரசிகர் எங்கே எழுதுவார்?

2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனியை ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு வாசித்தது. அந்தக் கொண்டாட்டத்தில் இன்னொரு கணக்கு பேசப்படாமல் போயிற்று. அவருடைய ‘திருவாசகம்’ இசைத்தொகுப்பு வெளிவந்து அதே ஆண்டில் இருபது வருடம் நிறைந்தது. 2005இல் அதை ஆவலோடு வாங்கி, ஒருமுறை கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எடுத்து வைத்தவர்கள் காவிரிப் படுகையில் உண்டு. அவர்களுடைய மௌனம் பற்றியது இத்தலையங்கம்.

இவர்கள் அரைகுறை ரசிகர்கள் அல்லர். கும்பகோணம், மாயவரம், மன்னார்குடிக் கடைத்தெருக்களில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கிக் கேட்ட தலைமுறை. 1986இல் வந்த இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ அவர்களுடைய காதைத் திருப்பியது. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு அது. பாஹின் மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசையும் கர்நாடக வயலினும் அதில் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன, வி.எஸ். நரசிம்மனின் வில் இரண்டு பாஷையும் பேசியது. திருவையாற்று ஆராதனையில் பஞ்சரத்னம் கேட்டுப் பழகியவர்கள், பாஹ் யார் என்று விசாரித்தது அதற்குப் பிறகுதான். 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு ‘நத்திங் பட் விண்ட்’ வந்தது. அடுத்தது என்ன என்ற கேள்வியோடு பதினேழு வருடம் ஓடிற்று.

விடையாகத் திருவாசகம் வந்தது. மூலப் பாடல்களைப் பாடிய மாணிக்கவாசகர் ஆட்கொள்ளப்பட்ட திருப்பெருந்துறையான ஆவுடையார்கோயில் 1974 வரை தஞ்சை மாவட்டத்து ஊர். அவர் போய்ச் சேர்ந்த தில்லையோ கொள்ளிடத்துக்கு அக்கரையில். ஜெகத் கஸ்பர் அடிகளின் தமிழ் மையம் தயாரிக்க, புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து என்ற ஆறிலிருந்தும் பகுதிகள். எதிர்பார்ப்புக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஏமாற்றத்துக்குக் காரணங்கள் இருந்தன. சிவபுராணப் பகுதி ஏறத்தாழ இருபது நிமிடம். அதில் ஊடாக ஆங்கில வரிகள் வருகின்றன. எழுதியவர் ‘காட்ஸ்பெல்’, ‘விக்கெட்’ முதலான பிராட்வே இசை நாடகங்களின் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். உருகிக்கொண்டிருக்கும் பாட்டு திடீரென்று மேடை நாடகமாகிவிடுகிறது என்பது முதல் மனக்குறை. ஓதுவார்கள் திருவாசகத்தைப் பெரும்பாலும் மோகனத்தில், தாளத்தில் கட்டாமல் விருத்தமாக ஓதுவார்கள். ஒரு சொல்லில் நின்று மறுசொல்லுக்குப் போகும் அந்த அவகாசத்தில்தான் கேட்பவர் மனம் உள்ளே நுழையும். நூறு கருவிகளும் குழுக்குரலும் சூழ்ந்துகொண்டபோது அவகாசம் அடைபட்டுப் போனது இரண்டாவது. மூன்றாவது, வடிவம். குரலும் சமயப் பாடலும் சேர்ந்த பெரும் இசைப் படைப்பை மேற்கில் ஓரட்டோரியோ என்பார்கள். ஹாண்டலின் ‘மெசாயா’ அப்படிப்பட்டது. சிம்பொனி என்று விளம்பரம் செய்ததால், இல்லாத ஒன்றைத் தேடிக் கேட்டார்கள்.

புதுமை ஒவ்வாதவர்கள் என்று இவர்களைத் தள்ளிவிட முடியாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை உச்சச் சுருதித் திமிரியை விட்டுப் பாரி நாகஸ்வரத்துக்கு மாறியதும், ஒத்து என்ற சுருதிக் கருவியை நீக்கித் தம்புராவை வைத்துக்கொண்டதும் இந்த மண்ணில்தான். நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் அந்தப் பாரியைக் கடைந்து கொடுத்தார்கள். அவருடைய தோடியைக் கொண்டாடிய படுகை, மாற்றத்துக்கு அஞ்சிய படுகை அல்ல.

இதே மாதிரி ஒரு விபத்து இங்கிலாந்திலும் நடந்தது. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையில் சாஸ்திரங்களைப் பற்றிய ஓர் அடிக்குறிப்பைப் படித்துவிட்டு, ‘யெஸ்’ என்ற முற்போக்கு ராக் குழு 1973இல் ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ என்ற இரட்டை இசைத்தட்டை வெளியிட்டது. மொத்தம் நான்கே பாடல்கள், தட்டின் பக்கத்துக்கு ஒன்று. முந்தைய ஆண்டின் ‘குளோஸ் டு தி எட்ஜ்’ கேட்டு மயங்கியவர்களில் பலர் தலையைச் சொறிந்தார்கள். குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மேனுக்கே பொறுமை போய், கச்சேரி நடக்கும்போது மேடையிலேயே கறிச்சோறு வரவழைத்துச் சாப்பிட்டார்; 1974இல் குழுவை விட்டும் விலகினார். ரசிகர்களும் பத்திரிகைகளும் அந்தத் தட்டைப் பற்றி இன்றுவரை சண்டை போடுகிறார்கள். திட்டினாலும் புகழ்ந்தாலும் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் செய்கிறார்கள்.

இங்கே அந்தச் சண்டை நடக்கவில்லை. பண்ணைப்புரத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த இளையராஜா, கருவறைக்கு வெளியே பலரை நிறுத்திய ஒரு மரபின் பாடலை எடுத்து உலக இசைக்குழுவை வாசிக்க வைத்தது பெரிய காரியம். அதைச் சாதி ஏளனத்தோடு பார்த்தவர்களும் இருந்தார்கள். குறை சொன்னால் அந்த வரிசையில் தன்னையும் நிறுத்திவிடுவார்களே என்று நியாயமான ரசிகர் வாயை மூடிக்கொண்டார். இன்னொரு பக்கம் தமிழ்ப் பெருமை, பாராட்டாதவன் துரோகி. இரண்டுக்கும் நடுவே இசை பற்றிய பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. நஷ்டம் கலைஞருக்கும்தான். அவருக்குக் கிடைத்தவை மாலைகளும் வசைகளும். அவருடைய வேலையைக் கேட்டு ஆராய்ந்த மறுமொழி மிகக் குறைவு.

வலங்கைமானில் பிறந்த க.நா.சு., லட்சம் வாசகர்கள் கொண்டாடிய கல்கியை இலக்கியமாக ஏற்க மறுத்து எழுதினார். அதற்காகக் கல்கி வாசகர்கள் குறைந்துவிடவில்லை. தமிழ் விமர்சனம்தான் வளர்ந்தது. சிற்றிதழ்கள் இலக்கியத்துக்குக் கொடுத்த அந்தச் சுதந்திரத்தை இசைக்கும் கொடுத்தாக வேண்டும்.

திருவாசகத்தைக் கேட்டு மனம் கசந்தவர்களும், அதை உச்சம் என்று நினைப்பவர்களும் இவ்விதழுக்கு எழுதலாம். எந்தப் பாடல், எந்த இடம், எந்தக் கருவி என்று குறித்து எழுதுங்கள். சாதி வசையும் வெறும் துதியும் அச்சேறாது. மற்ற எதற்கும் பக்கம் உண்டு.