பைத்தான் 2இலிருந்து 3க்கு ஆய்வு நிரல்களைப் பெயர்த்தெழுதுதல்: ஒரு கருத்துரை

ஆய்வுச் சுருக்கம்

பைத்தான் நிரல்மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு முடிவுற்றது. அப்பதிப்பில் எழுதப்பெற்ற ஆய்வு நிரல்களை மூன்றாம் பதிப்புக்குப் பெயர்ப்பது பெரும்பாலும் எழுத்தர் பணியாகவே மதிக்கப்படுகிறது. அது ஆய்வு முடிவுகளின் நம்பகத்தன்மையைத் தொடும் பணி என்றும், சுவடியைப் படியெடுத்து ஒப்புநோக்குவதற்குரிய கவனம் அதற்கும் வேண்டும் என்றும் இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: பைத்தான், நிரல் பெயர்ப்பு, ஒருங்குறி, யாப்பாய்வு, பாட ஒப்பீடு

முன்னுரை

ஓலைச்சுவடிக்கு ஆயுள் எல்லை உண்டு. செல்லரிக்கும் முன் புதிய ஓலையில் படியெடுக்காவிடின் நூல் அழியும். படியெடுப்பவரின் கவனம் பிசகினால் நூல் அழியாது, திரிந்துவிடும். அழிவு உடனே தெரியும். திரிபோ பல தலைமுறைகளுக்குப் பின்னரே புலப்படும், சில வேளைகளில் புலப்படாமலே போகும். கணினி நிரல்களுக்கும் இந்நிலை நேர்ந்துள்ளது. இயற்பியல், வானியல், உயிரியல், மொழியியல் எனப் பல துறைகளின் ஆய்வு முடிவுகள் இன்று நிரல்களைச் சார்ந்தே பிறக்கின்றன. அந்நிரல்கள் இயங்குவதற்குரிய மொழிப் பதிப்பு மாறும்போது முடிவுகளுக்கு என்ன நேர்கிறது என்பது ஆய்வுலகம் எண்ணிப் பார்க்கவேண்டிய வினாவாகும்.

பெயர்ப்பின் பின்னணி

பைத்தான் 3.0 பதிப்பு 2008 டிசம்பரில் வெளிவந்தது. மொழியின் அடிப்படைக் குறைகள் சிலவற்றைக் களையும் நோக்கில், பழைய நிரல்களோடு பொருந்தாது என்பது தெரிந்தே அது வடிவமைக்கப்பட்டது. இரண்டாம் வரிசையின் இறுதிப் பெரும்பதிப்பான 2.7, 2010இல் வெளியானது. அதற்கான ஆதரவை 2015இல் நிறுத்துவதாக இருந்த திட்டம், பயனர்கள் பெயரத் தாமதித்தமையால் 2020 வரை நீட்டிக்கப்பட்டது. இதற்கிடையே அறிவியல் நிரலகங்களும் ஒவ்வொன்றாக இரண்டாம் பதிப்பைக் கைவிட்டன. வானியலுக்குரிய ஆஸ்ட்ரோபை, வரைபடங்களுக்குரிய மேட்பிளாட்லிப் ஆகியன 2018இலும், எண்கணிப்புக்கு அடித்தளமான நம்பை 2019இலும் தம் புதிய வெளியீடுகளை மூன்றாம் பதிப்புக்கு மட்டுமே உரியனவாக்கின. அதன்பின் பழைய நிரலை வைத்திருந்த ஆய்வாளர் பெயர்ப்பதா, அந்நிரலை அப்படியே விட்டுவிடுவதா என முடிவெடுக்க வேண்டியவரானார்.

பிழையும் திரிபும்

பெயர்ப்பில் எழும் மாற்றங்கள் இருவகைப்படும். நிரலை நிறுத்திப் பிழைச்செய்தி தருபவை ஒருவகை. நிரல் தடையின்றி இயங்க, விடையை மட்டும் மாற்றுபவை மற்றொருவகை. முதல்வகை தொல்லை தருமேயன்றித் தீங்கு செய்யாது. பைத்தான் 2இல் ஓர் எண்ணையும் ‘மதிப்பின்மை’யையும் சிறிது பெரிது என ஒப்பிட முடிந்தது, மதிப்பின்மை எல்லா எண்களிலும் சிறியதாகக் கொள்ளப்பட்டது. கல்வெட்டுகளை ஆண்டுவாரியாக அடுக்கும் நிரலொன்றில், ஆண்டு அறியப்படாத கல்வெட்டுகள் மிகத் தொன்மையானவையாக முதலிடத்தில் நின்றிருக்கும். பைத்தான் 3 அத்தகைய ஒப்பீட்டை ஏற்காமல் நின்றுவிடுகிறது. இங்கே பிழைச்செய்தி ஆய்வாளருக்குச் செய்யப்பட்ட உதவியாகும்.

இரண்டாம்வகையே அஞ்சத்தக்கது. பைத்தான் 2இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னப் பகுதி நீங்கிய முழு எண்ணே விடையாகும். பைத்தான் 3இல் பின்னமும் கிடைக்கும். பத்தடி நேரிசை ஆசிரியப்பா ஒன்றில் ஒன்பது அடிகள் நாற்சீராகவும் ஈற்றயலடி முச்சீராகவும் வர, மொத்தம் 39 சீர்கள் உள்ளன. அடிக்கு எத்தனை சீர் எனக் கணக்கிட்டால் பழைய பதிப்பு 3 என்றும் புதிய பதிப்பு 3.9 என்றும் கூறும். யாப்பறிந்தவர் முதல் விடையைக் கண்டதுமே ஐயுறுவர். ஆனால் ஆயிரக்கணக்கான கணக்கீடுகளின் நடுவே இத்தகைய வகுத்தல் புதைந்திருக்குமாயின், அதைக் கண்ணால் கண்டு ஐயுற எவருக்கும் வாய்ப்பில்லை. பெயர்ப்புக்கென வழங்கப்பட்ட தானியங்கிக் கருவியும் இதைத் திருத்தவில்லை. வகுபடும் எண் முழு எண்ணா பின்னமா என்பது நிரலின் எழுத்துவடிவிலிருந்து தெரியாது. அதை அறிந்தவர் ஆய்வாளர் ஒருவரே.

தமிழ்ப் பனுவல்களும் நிரல்களும்

பைத்தான் 3 செய்த மிகப்பெரிய மாற்றம் எழுத்துச்சரங்களைப் பற்றியது. பழைய பதிப்பின் இயல்பான சரம் பைட்டுகளின் தொடர். ஒருங்குறிச் சரம் தனிவகையாக நின்றது. புதிய பதிப்பில் எல்லா எழுத்துச்சரங்களும் ஒருங்குறிக் குறியீடுகளின் தொடரே. ஆங்கில எழுத்து ஒன்று ஒரே பைட்டாதலின் அம்மொழிப் பனுவல்களில் வேறுபாடு பெரிதும் வெளிப்படாது. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் பழைய சரத்தில் 15, புதிய சரத்தில் 5. இலக்கணப்படி எழுத்து மூன்றே.

எதுகை காணும் எளிய நிரலொன்று, இரண்டாம் எழுத்தைப் பெறுவதற்காகச் சொல்லின் நான்காம் இடம் முதல் ஆறாம் இடம் வரை எடுத்து ஒப்பிடுகிறது எனக் கொள்வோம். பழைய பதிப்பில் ‘கடல்’ என்பதில் டகரமும் ‘மரம்’ என்பதில் ரகரமும் கிடைக்கும். எதுகை இல்லை என்பது சரியான விடை. அதே வரி புதிய பதிப்பில் பைட்டுகளை விடுத்துக் குறியீடுகளை எண்ணும். இரு சொற்களிலும் நான்காம் குறியீடு புள்ளியே. ஆகவே கடலும் மரமும் எதுகையாகிவிடும்! நிரல் நிற்காது, எச்சரிக்கையும் எழாது. இதனால் பழைய நிரல் குறையற்றது என்றும் கொள்ளலாகாது. ‘காடு’ என்னும் சொல்லில் அது டுகரத்தை விடுத்து ஆகாரக் குறியையே எடுத்திருக்கும். பெயர்ப்பை ஒட்டி இரு விடைகளையும் ஒப்புநோக்கும்போதுதான் முதல் நிரலின் குறையும் வெளிப்படுகிறது.

மறுப்பும் விடையும்

பழைய நிரலை அதற்குரிய இயக்கச்சூழலோடு அப்படியே பொதிந்து பாதுகாத்தால் போதும் என்பர் சிலர். முன்பு வெளியான முடிவை மீண்டும் பெறுவதற்கு அம்முறை இன்றியமையாதது. எனினும் பேழைக்குள் வைத்த சுவடியைப் புதிய வாசகர் பயன்கொள்ள இயலாததுபோல, புதிய தரவுக்கும் புதிய நிரலகங்களுக்கும் அந்நிரலை ஈடுபடுத்த இயலாது. பாதுகாப்பும் பெயர்ப்பும் இரண்டுமே வேண்டும். பழைய சூழல் கையில் இருந்தால்தான் பெயர்ப்பை ஒப்பிடவும் முடியும்.

காலமும் பொருளும் இல்லை என்பது மற்றொரு மறுப்பு. இது மெய்யே. ஆய்வு நிரல்களைப் பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள் எழுதிவிட்டுச் செல்கின்றனர். பின்வருவோர் பெயர்த்தெழுதினாலும் அவ்வுழைப்பு ஆய்வுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. குறை நிரலில் மட்டும் இல்லை; உழைப்பை மதிப்பிடும் முறையிலும் உள்ளது.

முடிவுரை

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் கிடைத்த ஏடு ஒன்றை மட்டும் அச்சேற்றிவிடவில்லை. பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். அவ்வொழுக்கமே நிரல் பெயர்ப்புக்கும் வேண்டும். பெயர்ப்பதற்கு முன் பழைய நிரலின் விடைகளைச் சேமித்தல், அதே தரவைப் புதிய நிரலில் இட்டு ஒப்பிடுதல், வேறுபாடுகளைக் காரணத்தோடு பதிவுசெய்தல் ஆகிய மூன்றும் குறைந்த அளவுக் கடமைகள். எந்தப் பதிப்பில் கணக்கிடப்பட்டது என்பதை ஆய்விதழ்கள் கேட்டுப் பெறவேண்டும். ஒப்பிட்டுச் செய்த பெயர்ப்பைத் துறைகள் பதிப்புப் பணிக்கு நிகராக ஏற்கவேண்டும். நிரல் இயங்குகிறது என்பது விடை சரி என்பதற்குச் சான்றாகாது. அச்சான்றைத் தேடும் பொறுப்பு, முடிவை வெளியிடும் ஆய்வாளருக்கே உரியது.