எண்ணிய வளைகோடுகளின் முதன்மைப் புள்ளிகளும் ஓலைச்சுவடி எழுத்துகளும்

ஓர் உருவத்தின் விளிம்பில் எத்துணைப் புள்ளிகள் இருப்பினும் அவ்வுருவை அடையாளங்காட்டுவன அவற்றுள் சிலவே. 1954இல் அமெரிக்க உளவியலறிஞர் பிரெட் அட்னீவ் இதனை எளியதொரு படத்தால் விளக்கினார். உறங்கும் பூனையொன்றின் உருவில் வளைவு மிகுந்த 38 இடங்களைத் தெரிந்து நேர்க்கோடுகளால் இணைத்தார்; காண்போர்க்கு அது பூனையாகவே தோன்றிற்று. கணினிவழி உருவ ஆய்வில் முதன்மைப் புள்ளி என வழங்கும் கருத்தாக்கம் இதனை அடியொற்றி வளர்ந்ததாகும். சுவடி எழுத்துகளைக் கணினி படிக்கச் செய்யும் முயற்சிக்கும் இக்கருத்தாக்கம் துணைநிற்கவல்லது. ஆயின் பூனையின் காதுக்குப் பொருந்திய அளவுகோல் எழுத்தாணியின் சுழிக்கும் பொருந்துமா என்னும் வினா, பொறியியலார்க்கு மட்டும் உரியதன்று.

எண்ணிய வளைகோடு என்பது உண்மையில் வளைவதில்லை. அது கட்டங்களின் மீது எட்டுத் திசைகளுள் ஒன்றை நோக்கி அடியடியாக நகரும் புள்ளிகளின் வரிசை. 1961இல் ஹெர்பர்ட் ஃப்ரீமன் வகுத்த சங்கிலிக் குறியீடு இவ்வடிப்படையில் அமைந்ததே. ஆகவே முழுவட்டமொன்றை எடுத்துக்கொண்டால், அதன் வளைவு எங்கும் ஒன்றேயாதலின் முதன்மைப் புள்ளி எதுவும் அதில் இருத்தல் இயலாது. எனினும் நிரல் சில புள்ளிகளைக் கண்டெடுத்தே தீரும். அவை கட்டத்தின் படிக்கட்டு வடிவால் விளைந்தவை. எழுதினவன் கைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மூலைகள் மிக்க எழுத்துமுறைகளில் இக்குறை பெரிதாகத் தோன்றாது. ஓலையின் நார்ப்போக்குக்கு இயைய உருண்டு திரண்ட தமிழ் எழுத்தில் இதுவே தலையாய சிக்கல். அச்சில் மூலை காட்டும் டகரமும் பகரமும்கூட ஓலையில் பலவிடத்து மூலை மழுங்கியே காணப்படுகின்றன.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்கது வரம்பெல்லை. 1972இல் ராமரும் (அயல்நாட்டு அறிஞர் பெயர் அது), 1973இல் நிலப்பட வரைவுக்கென டக்ளஸ், பியூக்கர் இருவரும் தனித்தனியே வெளியிட்ட முறை இன்றும் பெருவழக்காக உள்ளது. வளைகோட்டின் இரு முனைகளை ஒரு நேர்க்கோட்டால் இணைத்து, அக்கோட்டினின்றும் மிகத் தொலைவிலுள்ள புள்ளியைக் காண்பது அம்முறை. அத்தொலைவு வரம்பெல்லையைக் கடப்பின் புள்ளி நிற்கும். கடவாதாயின் இடைப்பட்ட யாவும் நீங்கும். வரம்பெல்லையினும் சிறியதொரு சுழி இம்முறையில் தடயமின்றி மறையும். மூன்று சுழி ணகரம் ஒரு சுழியை இழப்பின் இரண்டு சுழி னகரமாகிறது. ‘மணம்’ என்றிருந்தது ‘மனம்’ ஆகிறது. ஏடெழுதினவன் செய்யாத பாடவேறுபாட்டைக் கணினி செய்துவிடுகிறது. அது கணினி செய்தது என அறிய, பின்வரும் பதிப்பாசிரியர்க்கு வழியும் இராது.

வரம்பெல்லையைப் பிக்சல் கணக்கில் மட்டும் குறித்தலும் போதாது. அங்குலத்துக்கு 300 புள்ளி என எடுத்த படத்தில் 2 பிக்சல் என்பது ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர், 600 புள்ளியில் அதிற் பாதி. ஒரே ஏடு, ஒரே நிரல், இருவேறு முடிவு. 1989இல் டே, சின் ஆகியோர் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய சுற்றெல்லையை அப்புள்ளியின் சூழலினின்றே கணிக்கும் முறையை முன்மொழிந்தனர்; வெளியிலிருந்து அளவு தரவேண்டாமை அதன் சிறப்பு. சிறு சுழியும் பெருவளைவும் ஒருங்கே அமைந்த தமிழ் எழுத்துக்கு இவ்வழி ஒப்பீட்டளவில் ஏற்புடையது. எனினும் பூச்சி அரித்த துளையையும் ஏட்டின் கீறலையும் எழுத்தாணிக் கோட்டினின்றும் பிரித்தறியும் ஆற்றல் இதற்கும் இல்லை.

கூரிய வளைவை மட்டும் நாடாது, கோடு தொடங்கும் இடம், முடியும் இடம், தன்னைத்தானே வெட்டும் இடம், இடஞ்சுழி வலஞ்சுழியாகத் திரும்பும் இடம் ஆகியவற்றையும் முதன்மைப் புள்ளிகளாகக் கொள்வதே தமிழுக்குத் தகும். எழுத்தைக் கையால் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர் சுட்டிக்காட்டுவனவும் இவையே. இவற்றை வரையறுக்கும் பணி சுவடிப் பயிற்சியுடையார் கையில் இருத்தல் வேண்டும். நிரல்வழிப் படித்த பாடத்தை வெளியிடுவோர், படத்தின் நுண்மையையும் வரம்பெல்லையையும் பதிப்பு முன்னுரையிலேயே குறித்தலும் வேண்டும். மூலச்சுவடிகளின் விவரம் தருதல் எத்துணைக் கட்டாயமோ, இதுவும் அத்துணைக் கட்டாயம்.

இவ்வளவு செய்தும் எஞ்சுவன உள. சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இடாமை பெருவழக்கு. எகர ஏகாரக் குறிகளுக்குக் கொம்பு ஒன்றே. ரகரமும் காலும் பலவிடத்து ஒரே வடிவின. ஒரே வடிவாய் நிற்கும் இரண்டை எத்துணைப் புள்ளிகளாலும் வேறுபடுத்தல் ஒல்லாது. அவ்விடத்துக் கணினி ஒன்றைத் தெரிந்து தருவதைவிட இரண்டையும் காட்டி நிற்பதே முறை; தெரிதல் யாப்பும் பொருளும் அறிந்தார்க்கு உரியது.