குதிரைக்கு லாயம் கட்டிய ஊரில் நாய்க்கு இடமில்லையா?

செஞ்சிக் கோட்டைக்குள் குதிரை லாயம் உண்டு, யானைக்குளம் உண்டு. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் கதையில் பாதிப் புகழ் அவன் குதிரைக்குத்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இந்தக் கோட்டை, பிராணிகளுக்கும் இடம் ஒதுக்கித்தான் கட்டப்பட்டது. இன்றோ, தமிழ்நாட்டில் வாடகைக்கு வீடு தேடுபவர் நாய் வளர்ப்பதாகச் சொன்னால், வாசலில் தொங்கும் 'டு லெட்' பலகை பல நேரம் பொய்யாகிவிடுகிறது. குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை முடிவெடுத்தும் வளர்ப்புப் பிராணிகளைத் தடைசெய்ய முடியாது என்கிறது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல். தனி வீட்டுக்காரரின் நிபந்தனை வேறு விஷயம். அது வாடகை ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

நாய் கதவைப் பிறாண்டும், மூத்திர நாற்றம் போகாது, பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடித்தால் யார் பொறுப்பு என்று வீட்டுக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இவை அனைத்துக்கும் ஒப்பந்தத்திலேயே விடை எழுதலாம். தமிழகத்தின் 2017 வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று, காலி செய்யும்போது சுத்தம் செய்து வெள்ளையடிக்கும் செலவு, சேதத்துக்கு அட்வான்ஸில் பிடித்தம் என மூன்று வரி சேர்த்தால் போதும். வீடு கிடைக்காமல் தெருவில் விடப்படும் நாய், ஊசியும் உரிமையாளரும் இல்லாமல் அதே தெருவில்தான் திரியும். பட்டினிக்கு ஆளாகும்படி பிராணியைக் கைவிடுவது 1960 வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. வீட்டுக்காரர்களே, மறுக்கும் முன் நிபந்தனையைச் சொல்லுங்கள்.