கடைச் சுவை, வீட்டுப் பாத்திரத்தில்

கேசரோல் என்றால் நம் தாய்மார்களின் நினைவுக்கு வருவது இட்லியையும் சப்பாத்தியையும் சூடு ஆறாமல் காக்கும் மூடிபோட்ட பாத்திரமே. திருமணப் பரிசாக வந்த அத்தகைய பாத்திரம் ஒன்றிரண்டேனும் இல்லாத வீடு நம் பங்குகளில் அரிது. அமெரிக்க நாட்டில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. இறைச்சி, கிழங்கு, காய், பாலாடைக்கட்டி ஆகியவற்றை ஆழமான கண்ணாடித் தட்டில் அடுக்கி, ஓவனில் வைத்துச் சமைத்து, அந்தத் தட்டோடு மேசைக்குக் கொண்டுவரும் உணவே அங்குக் கேசரோல் எனப்படும். பாத்திரத்தின் பெயரே பண்டத்திற்கும் ஆயிற்று. மின்னசோட்டா மாநிலத்திலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் இதனையே 'ஹாட்டிஷ்' என்பர். அங்கே ஒருவர் கேசரோல் என்று சொல்லிவிட்டால், அவர் வெளியூர்க்காரர் என்று உடனே கண்டுகொள்வர்.

2014 முதல் 2018 வரை அம்மாநிலத்துச் சிற்றூர்ப் பங்கு ஒன்றில் நாம் பணியாற்றினோம். துயர வீட்டுக்கும், பிள்ளை பெற்ற வீட்டுக்கும், மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் வீட்டுக்கும் அண்டை வீட்டார் துணியால் மூடி எடுத்துச் செல்வது இந்தத் தட்டைத்தான். அடக்கத் திருப்பலி முடிந்ததும் ஆலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் பத்துப் பன்னிரண்டு தட்டுகள் வரிசையாக வீற்றிருக்கும். தட்டு மாறிப்போகாதிருக்க, ஒட்டுத்தாளில் குடும்பப் பெயரை எழுதி அடியில் ஒட்டியிருப்பர். நம் ஊர்ச் சருவங்களில் பெயர் வெட்டி வைப்பது நினைவுக்கு வந்து நாம் சிரித்துக்கொண்டது உண்டு.

அந்தப் பங்கில் ஒரு குடும்பம். தந்தை தானியம் ஏற்றும் லாரி ஓட்டுபவர், வயது நாற்பத்தாறு. தாய்க்கு முதியோர் இல்லம் ஒன்றில் மாலைப் பணி. பிள்ளைகள் மூவர். புதன்கிழமை மாலை மறைக்கல்வி வகுப்புக்கு அவர்களை இறக்கிவிடும் காரில் எப்போதும் பொரித்த கிழங்கின் மணம் வீசும். வாரத்தில் நான்கு மாலைகள் அவர்களது இரவுணவு காரிலேயே முடிந்துவிடும். கடையின் சாளரத்தருகே வண்டியை நிறுத்துவர். ஆளுக்கொரு காகிதப் பொட்டலம். அவரவர் இருக்கையில் அவரவர் உணவு.

2016ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தந்தையைப் பரிசோதித்த மருத்துவர் இரத்த அழுத்தம் மிகுந்திருக்கிறது என்று மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கும்படி கண்டிப்பாகக் கூறினார். அவருடைய தகப்பனார் பக்கவாதத்தால் ஐம்பத்தொரு வயதில் இறந்தவர். ஆகவே அந்த வீட்டில் அச்சம் புகுந்தது. தாய் ஒரே நாளில் கடை உணவை நிறுத்தினார். வேகவைத்த கோழியும் வேகவைத்த காய்களும் மேசைக்கு வந்தன. மூன்று நாள் சென்றது. நான்காம் நாள் லாரியைத் துப்புரவு செய்தபோது இருக்கைக்கு அடியில் பர்கர் சுற்றிய தாள்கள் கிடைத்தன. பிள்ளைகளுடையவை அல்ல, கணவருடையவை. (இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. அவர்கள் சமையலறை மேசையருகே, அனைவர் முன்னிலையிலும், சிரிப்பும் கண்ணீருமாகச் சொல்லப்பட்டது. எழுதுவதற்கு இசைவும் பெற்றோம்.)

"எனக்கு அந்தச் சுவை வேண்டியிருக்கிறது, ஃபாதர். அதற்கு நான் என்ன செய்வேன்?" என்றார் அவர். அது பொய்யற்ற பேச்சு. நாற்பது ஆண்டு நாவில் ஊறிய சுவையை ஒரு மருத்துவச் சீட்டு அகற்றிவிடாது. கருவாட்டுக் குழம்பை விடச் சொன்னால் நம்மவர் படும் பாட்டை நாம் அறியோமா?

பர்கர் மேசைக்காகப் பிறந்த உணவன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். 1948இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் மக்டொனால்டு சகோதரர்கள் தங்கள் கடையை மாற்றி அமைத்தபோது, உணவு வகைகளைச் சிலவாகக் குறைத்ததோடு தட்டு, கத்தி, முள்கரண்டி ஆகியவற்றையும் நீக்கினர். எல்லாம் தாளில் சுற்றிக் கையில் கொடுக்கப்பட்டது. விரைவு கிடைத்தது, மேசை தேவையற்றுப் போயிற்று. பின்னர் 1967இல் பென்சில்வேனியாவின் யூனியன்டவுனில் அந்நிறுவனத்தின் கிளை நடத்திய ஜிம் டெலிகாட்டி என்பவர் இரண்டு இறைச்சி வட்டுகளும் தனிக் குழம்பும் வைத்த 'பிக் மாக்' என்பதை விற்கத் தொடங்கினார். மறு ஆண்டே அது நாடெங்கும் பரவியது. இன்று 'பர்கர் சுவை' என்று அமெரிக்கப் பிள்ளைகள் சொல்லும்போது பெரும்பாலும் நினைப்பது அந்தக் கூட்டையே.

நம் வாசகர்களுக்கு உவப்பான செய்தி ஒன்றும் உண்டு. 1962இல் ஒகாயோவின் சின்சினாட்டி நகரில் கிளை நடத்திய லூ குரோன், தம் பகுதியில் கத்தோலிக்கர் மிகுந்திருந்தமையால் வெள்ளிக்கிழமைகளில் விற்பனை படுத்துவிடுவதைக் கண்டு, மீன் வைத்த ரொட்டியைச் செய்தார். அக்காலத்தில் ஆண்டு முழுவதும் வெள்ளியன்று இறைச்சி விலக்கு அல்லவா? நிறுவனத்தை நடத்திய ரே கிராக் அதனை விரும்பாமல், அன்னாசித் துண்டு வைத்த ரொட்டியைப் போட்டிக்கு நிறுத்தினார். இரண்டையும் ஒரே நாளில் விற்றுப் பார்த்ததில் மீனே வென்றது. கடை நம் வீட்டு வழக்கத்தைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளலாம் என்றால், வீடும் கடையைப் பார்த்து ஒன்றிரண்டு கற்றுக்கொள்வதில் இழிவில்லை. அந்தத் தாயிடம் நாம் கூறியதும் இதுவே.

அவர் முதலில் செய்த கேசரோல் தோல்வி. சுவையில் அன்று, கணக்கில். கொத்திய மாட்டிறைச்சி, டப்பாவில் வரும் காளான் சூப் இரண்டு, உறையவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகள் ஒரு பெரிய பை, பாலாடைக்கட்டி கால் கிலோ, காடியில் ஊறிய வெள்ளரிக்காய் ஒரு கோப்பை என்று அவ்வூர் வழக்கப்படி எல்லாம் சேர்த்தார். வீட்டில் செய்ததாயிற்றே, நல்லதாகத்தான் இருக்கும் என்று நாமும் எண்ணி இரண்டு முறை வாங்கி உண்டோம். பிறகு மூத்த மகள் டப்பாக்களின் சீட்டுகளைப் படித்துச் சோடியத்தின் அளவை ஒரு தாளில் கூட்டினாள். இரண்டு சூப் டப்பாக்களில் மட்டும் 4000 மில்லிகிராமுக்கு மேல். உறைந்த கிழங்கிலும் ஏறத்தாழ அவ்வளவு. எல்லாம் கூட்டி ஆறு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 1700 மில்லிகிராமைத் தாண்டியது. கடையில் விற்கும் இரண்டடுக்குப் பர்கர் ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 1000. உலக நலவாழ்வு நிறுவனம் வயதுவந்தவருக்குப் பரிந்துரைப்பதோ நாள் முழுவதற்கும் 2000க்குக் குறைவு, அதாவது 5 கிராமுக்குக் குறைவான உப்பு. வீட்டில் செய்தது கடையில் விற்பதை விஞ்சிவிட்டது! அம்மாவின் முகம் வாடியதைக் கண்டு அம்மகள் தாளை மடித்து வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவர்கள் செய்த வேலை நமக்கு மிகவும் பிடித்தது. ஒரு பர்கரை வாங்கி வந்து மேசைமேல் பிரித்து வைத்தனர். ஒவ்வொரு பகுதியையும் கண்ணை மூடிக்கொண்டு ஐவரும் சுவைத்தனர். ரொட்டியை வாயிலிட்ட கடைக்குட்டி, "இனிப்பான பஞ்சு" என்றான். இறைச்சியைத் தனியே உண்டவர்களுக்கு அது கடைப் பண்டம் என்றே தோன்றவில்லை. வெள்ளரிக்காய்த் துண்டும், பொடியாக நறுக்கிய பச்சை வெங்காயமும், கடுகும் புளிப்பும் கலந்த குழம்பும் நாவில் பட்டபோதுதான் எல்லாரும் "இதுதான்!" என்றனர். ஆக, அவர்கள் ஏங்கிய சுவை பெரும்பாலும் புளிப்பிலும் காரத்திலும் இருந்தது. ரொட்டியிலும் கொழுப்பிலும் அன்று. எதனை வைத்துக்கொள்வது, எதனை விடுவது என்பது அப்போது தெளிவாயிற்று.

அதன்பின் உருவான முறையை ஆறு பேருக்குக் கூறுகிறோம். அமெரிக்காவில் பிள்ளைகளோடு சில மாதம் தங்கச் செல்லும் தாய்மார்கள் நம் பங்குகளில் இப்போது பலர். பேரப்பிள்ளைகள் கேட்பது இந்தச் சுவையைத்தான் என்று நம்மிடம் சொன்னவர்கள் உண்டு.

முக்கால் கிலோ உருளைக்கிழங்கைத் தோலோடு கழுவிச் சிறு கட்டங்களாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் மிளகுத்தூளும் கால் தேக்கரண்டி உப்பும் புரட்டி, 220 பாகை செல்சியசு சூட்டில் அரை மணி நேரம் ஓவனில் வைக்க வேண்டும். நடுவில் ஒருமுறை கிளறிவிடுக. உறைந்த கிழங்குப் பைக்கு மாற்று இதுவே. பர்கருக்குரிய ரொட்டியின் வேலையையும் இது செய்துவிடும்.

இறைச்சிதான் கவனத்திற்குரியது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கொழுப்பற்றது எனச் சீட்டில் கண்ட கொத்துக்கறி அரைக் கிலோ போதும். அகன்ற இரும்பு வாணலியை நன்றாகச் சூடாக்கி, கறியை மெல்லிய படலமாகப் பரப்பி, மூன்று நான்கு நிமிடம் கிளறாமல் விட்டுவிட வேண்டும். நம்மவர் கை சும்மா இராது, கிளறிக்கொண்டே இருக்கும். கிளறினால் நீர் விட்டு அவிந்துபோகும். அடியில் பழுப்பேறினால்தான் சுட்ட இறைச்சியின் மணம் பிறக்கும். புரதமும் சர்க்கரையும் சூட்டில் கூடி இம்மணத்தை உண்டாக்குவதை 1912இல் ஆராய்ந்து எழுதியவர் மைலார் என்ற பிரெஞ்சு வேதியியல் அறிஞர். அந்த வினைக்கு அவர் பெயரே வழங்குகிறது. இந்தப் பழுப்பு கொடுக்கும் சுவைக்கு உப்பு தேவையில்லை. கொத்துக்கறி உள்ளே 71 பாகை எட்டும்வரை வேக வேண்டும் என்பது அந்நாட்டு விதி.

கறியை எடுத்துவிட்டு, அதே வாணலியில் பொடியாக நறுக்கிய காளான் கால் கிலோவையும் ஒரு பெரிய வெங்காயத்தையும் நீர் வற்றும்வரை வதக்கி, கறியை மீண்டும் சேர்த்து, கடுகு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகு, கால் தேக்கரண்டி உப்பு இட்டு, சிறிது நீர் தெளித்து அடியில் பிடித்ததைச் சுரண்டிக் கலக்கலாம். காளான் சேர்ந்ததால் கறி குறைந்தது எவருக்கும் தெரிவதில்லை. கடைக்குட்டிக்கு நாம் இன்றுவரை சொல்லவும் இல்லை. தட்டில் கிழங்கை அடியிலும் கறியை மேலும் பரப்பி, நன்கு முதிர்ந்த செடார் பாலாடைக்கட்டி 85 கிராம் துருவித் தூவி, 190 பாகையில் கால் மணி நேரம் வைத்தால் போதும். முதிர்ந்த கட்டியில் சுவை ஓங்கி நிற்பதால் சிறிதளவே போதுமானது.

குழம்பு ஓவனுக்குள் போகக்கூடாது, தயிர் திரிந்துவிடும். கெட்டித் தயிர் 200 கிராம், தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டி, கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, காடியில் ஊறிய வெள்ளரிக்காயைக் கழுவிப் பொடியாக நறுக்கியது இரண்டு மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு, காரமற்ற மிளகாய்த்தூள், சில துளி காடி ஆகியவற்றைக் கலந்து குளிர வைத்திருந்து, மேசையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அதன்மேல் நறுக்கிய லெட்டூஸ் கீரை, தக்காளி, பச்சை வெங்காயம், வெள்ளரித் துண்டுகள் சில, வறுத்த எள். எள்ளை மறந்துவிடாதீர்கள். கடை ரொட்டியின் மேல் கண்ணுக்குப் பழகிய எள் தட்டிலும் தெரிந்தால் பிள்ளைகள் பாதி வழிக்கு வந்துவிடுவர். பங்கு விருந்து ஒன்றுக்கு இதனைச் செய்த வேறொரு அம்மையார் கீரையையும் சேர்த்து ஓவனில் வைத்துவிட, பச்சைக் கந்தல் போர்த்திய தட்டாக அது வந்து சேர்ந்தது. அவரும் சேர்ந்தே சிரித்தார்.

மூத்த மகள் மீண்டும் கணக்கிட்டாள். ஆளுக்கு ஏறத்தாழ 500 மில்லிகிராம் சோடியம். இம்முறை தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள். தந்தையின் மாத்திரை நின்றுவிடவில்லை. நிற்கும் என்று நாமும் சொல்ல மாட்டோம். கடைக்குப் போவதும் அறவே ஒழியவில்லை. நான்கு மாலைகள் ஒன்றாகச் சுருங்கின. தாய் பணிக்குச் செல்லுமுன் நண்பகலிலேயே தட்டை அடுக்கிக் குளிர்பெட்டியில் வைத்துச் செல்வார். மாலையில் மகள் அதனை ஓவனில் ஏற்றுவாள். குளிர்ந்த தட்டுக்குக் கால் மணி போதாது. மேலும் பதினைந்து இருபது நிமிடம் வேண்டும்.

மிஞ்சியதைக் கீரை சேர்க்காமல் மூடி வைத்தால் குளிர்பெட்டியில் மூன்று நாள் தாங்கும். உண்ணுமுன் 74 பாகைவரை சூடேற்ற வேண்டும். அந்தத் தந்தை வியாழன் காலையில் அதனை ஆவி பறக்கச் சூடாக்கி லாரியில் எடுத்துச் செல்வார். 2018இல் ஊர் திரும்பும்போது, நாம் இங்கிருந்து கொண்டுபோயிருந்த சிறிய கேசரோல் பாத்திரத்தை (நம்மூர்ப் பொருளில்தான்) அதற்கென்றே அவரிடம் கொடுத்துவிட்டு வந்தோம். நண்பகல்வரை சூடு நிற்கிறது என்று எழுதியிருந்தார்.