மறுநாளுக்கும் ஒரு லீவு

தீபாவளியை விட தீபாவளிக்கு மறுநாள்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹாஸ்டலில் இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் கொஞ்சம் யோசிச்சுட்டு, "எனக்கும்தான்டா" என்கிறார்கள்.

தீபாவளி அன்னைக்கு வீட்ல யார் நிம்மதியா உட்கார்ந்திருக்காங்க, சொல்லுங்க? விடியறதுக்கு முன்னாடி எண்ணெய்க் குளியல், லேகியம், புதுத்துணி, கோயில், பலகாரத் தட்டைத் தூக்கிக்கிட்டு தெரு முழுக்க நடை. அப்புறம் சொந்தக்காரங்க வருவாங்க, கூடவே "பிளேஸ்மென்ட் ஆச்சா? பேக்கேஜ் எவ்வளவு?" வரும். வெடிக்குக்கூட டைம்டேபிள் வந்துடுச்சு. 2018-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு மணி நேரம்தான் என்று சொன்ன பிறகு, தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. (தென்னூர்ல யார் வாட்ச் பார்த்து வெடிக்கிறாங்க என்பது வேற கதை.)

மறுநாளுக்கு டைம்டேபிள் கிடையாது. எட்டரை மணி வரைக்கும் யாரும் எழுப்ப மாட்டாங்க. மிஞ்சின இட்லி உதிர்ந்து உப்புமா ஆகும். எங்க வீட்ல கறிக்குழம்பு சுண்டி சட்டி ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்தச் சட்டியிலேயே சோத்தைப் போட்டுப் பிசைஞ்சு உருண்டை பிடிச்சுத் தர்ற ருசி, முந்தின நாள் வாழையிலையில் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிப் பக்கம் இருக்கும் நண்பன் வீட்டில் கறி இல்லை. ஆனால் மிஞ்சின சாம்பார், வத்தக்குழம்பு, கூட்டு எல்லாத்தையும் ஒண்ணா ஊத்திக் கொதிக்க வெச்சு 'எரிச்ச குழம்பு' என்று ஒன்று போடுவார்கள். பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க. தயிர் சாதத்துக்கு அதைத் தொட்டுக்கிட்டவங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் நம்ம வயித்துக் கதை. முக்கியமான கதை அடுப்படியில் இருக்கு. ஒரு வாரமா முறுக்கு, அதிரசம் என்று நின்ற அம்மாக்கள், அத்தைகள், பாட்டிகள் மறுநாள்தான் உட்காருகிறார்கள். புதுசா எதுவும் சமைக்க வேண்டாம், யாரும் வரப்போறதில்லை. அன்னைக்குச் சாயங்காலம் அம்மாவும் சித்தியும் தரையில் காலை நீட்டிக்கொண்டு பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். என் கணக்கில் அவர்களுக்குத் தீபாவளி அந்த ரெண்டு மணி நேரம்தான். அந்த நாளே ஆபீஸ் நாளாகிவிட்டால், விடியக்காலையில் மறுபடி டிபன் பாக்ஸ் கட்ட வேண்டியதும் அவர்கள்தான்.

நம்ம ஊர் வழக்கத்துக்கு இந்த மறுநாள் கணக்கு புதுசில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் எவ்வளவு கூட்டம் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டினி கிடந்து, கண் முழிச்சு இருப்பவர்களுக்கு விரதம் ஏகாதசியோடு முடிவதில்லை. மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துச் சாப்பிட்டு பாரணை பண்ணினால்தான் முடிகிறது. பொங்கலைப் பாருங்க, அரசாங்கப் பட்டியலிலேயே மூணு நாள் வரிசையா இருக்கு. காணும் பொங்கலுக்கு முக்கொம்பு போகாத திருச்சிக் குடும்பம் குறைவு. இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாளான டிசம்பர் 26 விடுமுறை. ஸ்காட்லாந்துக்காரன் இன்னும் விவரம், புத்தாண்டு போதாதென்று ஜனவரி 2-க்கும் லீவு வாங்கி வெச்சிருக்கான். தீபாவளி மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?

"அதான் அரசாங்கம் லீவு விடுதே" என்பீர்கள். விடுகிறது, ஆனால் எப்படி விடுகிறது? 2023-ல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிறு. 13-ஆம் தேதி திங்கட்கிழமையை விடுமுறையாக்கி, ஈடுகட்ட நவம்பர் 18 சனிக்கிழமை வேலைநாள் என்றார்கள். 2024-ல் தீபாவளி அக்டோபர் 31, வியாழன். நவம்பர் 1 லீவு, பதிலுக்கு நவம்பர் 9 சனிக்கிழமை வேலை. 2025-லும் அக்டோபர் 21-க்கு இதே மாதிரிதான். வருஷா வருஷம் தர்றதுன்னு ஆகிப்போச்சு. அப்புறம் எதுக்கு ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்தில் சஸ்பென்ஸ்?

இது வெறும் அலங்காரப் புகார் இல்லை. ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னாடியே திறக்கிறது. அறிவிப்பு தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது வருகிறது. சென்னையில் வேலை பார்க்கும் எங்க சீனியர்கள் அதற்குள் தீபாவளி அன்னைக்கு ராத்திரிக்கே ரிட்டர்ன் டிக்கெட் போட்டிருப்பார்கள். லீவு வந்தபிறகு மாத்தலாம் என்றால் வெயிட்டிங் லிஸ்ட்தான், இல்லைன்னா ஆம்னி பஸ் கேட்கிற காசைக் கொடுக்கணும். ஏற்கனவே ஊரில் இருப்பவனுக்கு அந்த லீவு பயன்படுது. வெளியூரிலிருந்து வர்றவனுக்கு, யாருக்கு அது அதிகம் தேவையோ அவனுக்கு, கிடைக்கிறதே இல்லை.

ஈடுகட்டும் சனிக்கிழமை பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஒரு நாள் எடுத்தா ஒரு நாள் கொடுக்கணும், நியாயம்தான். முன்கூட்டியே சொல்லிடுங்க என்பதுதான் கேட்பது. முந்தைய வருஷமே வெளியிடும் விடுமுறைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தால் முடிஞ்சது.

தனியார் கம்பெனிகளை அரசு லீவு கட்டுப்படுத்தாது என்பதும் தெரிஞ்சு வெச்சுக்கணும், ஏன்னா நம்மில் பலர் போகப்போவது அங்கேதான். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நிறுவனம் கட்டாயம் தர வேண்டியது குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, கூட ஐந்து பண்டிகை நாள், மொத்தம் ஒன்பது. அந்த ஐந்தில் எது எது என்பதை நிறுவனத்தில்தான் முடிவு செய்கிறார்கள். ஆஃபர் லெட்டரில் சி.டி.சி.யை மட்டும் நாலு தடவை படிக்கிறோம். ஹாலிடே காலண்டரையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

என் கருத்துக்கு எதிரா ஒரு வலுவான கேள்வி இருக்கு. அமைதியான மறுநாள் என்று நான் கொண்டாடுவது எல்லாருக்கும் அமைதியா? விடியும் முன்பே பெரிய கடை வீதியிலும் தெப்பக்குளத்தைச் சுற்றியும் வெடிக் காகிதத்தையும் துணிக்கடைப் பையையும் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளர்களுக்கு வருஷத்திலேயே கஷ்டமான காலை அதுதான். பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் அப்படித்தான். அவர்களுக்கு அன்னைக்கு இரட்டைச் சம்பளமும், அந்த வாரத்துக்குள் வேறொரு நாள் ஓய்வும் சேர்த்து எழுதாத அரசாணை பாதி அரசாணைதான். சென்னையில் வெடிக்குப்பையைத் தனியாகச் சேகரித்து கும்மிடிப்பூண்டியில் உள்ள ஆபத்தான கழிவுகளுக்கான மையத்துக்கு அனுப்புகிறார்கள். கந்தகமும் உலோக உப்பும் கலந்த குப்பை அது. சாதாரணக் குப்பையோடு கலந்து அரியமங்கலம் போகக் கூடாது. நம்ம வாசலில் நாம வெடிச்சதை நாமே ஒரு சாக்கில் தனியா அள்ளி வைக்க அரசாணை தேவையில்லை, விளக்குமாறு போதும்.

2026 தீபாவளி நவம்பர் 8, மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை. அப்போது நான் கேம்பஸில் இருக்க மாட்டேன், எல்லாம் சரியா நடந்தா சென்னையில் ஏதோ ஒரு ஆபீஸில் இருப்பேன். ஏற்கனவே ஞாயிறு லீவு என்பதால் பண்டிகை லீவுன்னு ஒரு நாள்கூட மிஞ்சாது. நவம்பர் 9 இரவு ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸுக்கான முன்பதிவு செப்டம்பர் 10 காலை 8 மணிக்குத் திறக்கும். திங்கட்கிழமை பற்றி அரசாங்கம் அதற்குள் வாயைத் திறந்தால், நான் ஞாயிறு ராத்திரி ஜங்ஷனுக்கு ஓட வேண்டியதில்லை. அம்மாவும் எனக்காக அவசர அவசரமா முறுக்கை டப்பாவில் கட்ட வேண்டியதில்லை.